காவல் நிலையத்தில் அவள் பக்கத்தில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி டெல்டா பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் போனது. அதிலும் பல வருடம் ரைட்டர் வேலை, அதாவது ஸ்டேஷனில் புகாரையும் வாக்குமூலத்தையும் எழுதுகிற வேலை. என் பெயரையும் வேலை பார்த்த ஊர்களையும் தயவுசெய்து போட வேண்டாம். எனக்காக இதைக் கேட்கவில்லை. ஸ்டேஷன் பெயர் தெரிந்தால் போதும், நான் சொல்லப்போகிற பெண் யாரென்று அந்த ஊர் டீக்கடையில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அவளைப் பற்றிய விவரங்களையும் கொஞ்சம் மாற்றியே எழுதுகிறேன்.

2025 மே 13 அன்று பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜூன் 2 அன்று அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில், 30 வருடத்துக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டிய ஆயுள் தண்டனையைச் சென்னை மகளிர் நீதிமன்றம் கொடுத்தது. அந்த வருடம் ஜனவரியிலேயே பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்களும் சட்டமன்றத்தில் நிறைவேறின. எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இந்த விஷயத்தில் நம் பேச்சு முழுக்கத் தண்டனையிலேயே போய் முடிகிறது. புகார் கொடுத்த நாளிலிருந்து குற்றப்பத்திரிகை போடும் நாள் வரை அந்தப் பெண் என்ன ஆகிறாள் என்று பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

இந்த இரண்டு வழக்கையுமே பாருங்கள். 2019இல் பொள்ளாச்சிப் புகார் வந்ததும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்கள் முன்னால் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் அச்சாகி வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் சென்னை மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியாகி, அவளுடைய விவரங்கள் செல்போன் செல்போனாகப் பரவின. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். மறுபடி உயர் நீதிமன்றம், மறுபடி 25 லட்சம். எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டிருந்த விதம் பாதிக்கப்பட்ட பெண்ணையே குறை சொல்வதாக இருக்கிறது என்றும் நீதிபதிகள் கண்டித்தார்கள். அதைப் படித்தபோது ரைட்டராக இருந்த எனக்கு நெஞ்சு கனத்தது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்ற சட்டம் 1983இலிருந்து இருக்கிறது. அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. அதோடு, இப்படிப்பட்ட எஃப்.ஐ.ஆரைப் பொதுவில் வைக்கவே கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

சட்டம் இல்லாமல் இந்தத் தவறுகள் நடக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்காக “நிறுத்துங்கள், இது கூடாது” என்று சொல்ல அவள் பக்கத்தில் ஆள் இல்லை. நான் எழுத வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். பதினெட்டு முடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். கடையில் மேல்பார்வை பார்க்கிற ஆள் மேல் புகார். அம்மாவும் அவளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஸ்டேஷனில் இருந்ததே ஒரு ஹால், இன்ஸ்பெக்டர் அறை, ஒரு சின்ன ரெக்கார்ட் ரூம். அதே பெஞ்சில் வரதட்சணைப் பிரச்சினைக்கு வந்த இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தன. அந்தப் பெண் வாயைத் திறந்தால் எதிரில் இருக்கும் எட்டு பேர் காதில் விழும். ரெக்கார்ட் ரூமில் நாற்காலி போட்டு அங்கே உட்கார வைத்தேன். அம்மாக்காரி கேட்ட முதல் கேள்வி, “மேடம், கேஸு போட்டா பேப்பர்ல பேரு வந்துருமா?” இரண்டாவது கேள்வி, “கடை ஓனருக்குத் தெரிஞ்சுருமா?”

ஓனருக்கு அதற்குள்ளேயே தெரிந்திருந்தது. அவருடைய ஆட்கள் எதிர் டீக்கடையில் நின்றார்கள், கூடவே ஒரு முன்னாள் கவுன்சிலர். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். சின்ன ஊரில் மகளிர் ஸ்டேஷன் படி ஏறுகிற பெண்ணை நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டு, மெமோ எழுதி, ஜி.எச்.சுக்கு ஜீப்பில் அனுப்பினோம். யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண் போலீஸ் நடுவில் ஒரு சின்னப் பெண் இறங்கினால், வார்டு வாசலில் இருக்கும் கூட்டம் என்ன நினைக்கும்? “என்ன பண்ணிச்சாம் இந்தப் பொண்ணு?” என்று அவள் காதுபடவே ஒருவர் கேட்டார். டூட்டி டாக்டர் நல்லவர், மெதுவாகப் பேசினார், சம்மதம் கேட்டுத்தான் பரிசோதித்தார். தடயத்துக்காக அவள் போட்டிருந்த துணியை எடுத்துக்கொண்டார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாற்றுத் துணி வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ராத்திரி எந்தக் கடை திறந்திருக்கும்? எங்கள் பெண் காவலர் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தன் சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்தார். அளவு பெரிது. அதைப் பிடித்துப் பிடித்துக்கொண்டேதான் அந்தப் பெண் விடிய விடிய எங்களோடு இருந்தாள். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை என் பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நைட்டியும் சுடிதாரும் உள்ளாடைகளும் துண்டும் எப்போதும் இருக்கும். இதற்கென்று எந்த ஸ்டேஷனுக்கும் பணம் வருவதில்லை. நாங்களே வாங்கி வைப்போம்.

அடுத்த இரண்டு நாளில் நடந்ததைக் கணக்குப் பாருங்கள். நடந்ததை முதலில் என்னிடம் சொன்னாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம். பிறகு டாக்டரிடம். பிறகு இடத்தைக் காட்டச் சொன்னபோது அங்கே. பிறகு மாஜிஸ்திரேட்டிடம். டி.எஸ்.பி. வந்தபோது மறுபடி. ஒவ்வொரு தடவையும் புது முகம், அதே கேள்வி. கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கக் காலையில் போய் மத்தியானம் வரை வராந்தாவில் நின்றாள். எதிராளியின் சித்தப்பா அதே வராந்தாவில் தூணில் சாய்ந்துகொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் போய் விரட்டினால், “கோர்ட்டு பொது இடம்தானே மேடம்” என்றார்.

அவள் கடைசியில் பிறழ் சாட்சி ஆனாள். விசாரணையின்போது எதுவும் நடக்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அவளைத் திட்ட வேண்டாம். நான் பார்த்தவரை ஒரு பெண் பிறழ்வது அன்றைக்குக் கூண்டில் தொடங்குவதில்லை. முதல் வாரத்தில், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல ஆளில்லாமல் அவள் பயந்துபோகிற அந்த நாட்களிலேயே அது தொடங்கிவிடுகிறது. பொள்ளாச்சி வழக்கில் சாட்சிகள் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் தீர்ப்பன்று சொன்னார். மாநிலமே கவனித்த வழக்கு அது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. யாரும் கவனிக்காத ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது?

அதே ஸ்டேஷனில், அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் போக்சோ வழக்கு ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம்தான் போக்சோ. 2012 போக்சோ சட்டம் 24ஆம் பிரிவின்படி பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை சொல்லும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், யூனிஃபார்மில் போகக்கூடாது, எதிராளி பிள்ளையின் கண்ணில் படக்கூடாது, இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். நாங்கள் தகவல் கொடுத்தோம். குழு ஒரு துணை நபரை நியமித்தது. அவர் பக்கத்து ஊரில் தொண்டு வேலை செய்கிற ஒரு அக்கா. வந்தார், அந்தப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தார், முதலில் வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு நோட்டில் எழுதிக்காட்டினார்: நாளைக்கு ஆஸ்பத்திரி, அங்கே இன்னது செய்வார்கள், வேண்டாம் என்று நீ சொல்லலாம், அப்புறம் ஒரு நாள் ஜட்ஜ் அம்மாவிடம் போகணும், அங்கே நான் வெளியில் நிற்பேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் அம்மாவுக்குப் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் பேசி வேறு பிரிவுக்கு மாற்றினார். அந்தப் பிள்ளை கோர்ட்டில் தெளிவாகச் சாட்சி சொன்னது.

இரண்டு வழக்கிலும் ஸ்டேஷன் ஒன்று, நாங்களும் அதே ஆட்கள். வயதுதான் வித்தியாசம். பதினெட்டாவது பிறந்தநாள் வந்ததும் ஒரு பெண்ணுக்குத் துணை தேவையில்லாமல் போய்விடுமா?

பெரிய பெண்களுக்குச் சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 176ஆம் பிரிவு, பாலியல் வன்புணர்வுக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ வாங்க வேண்டும் என்கிறது. முடிந்தவரை பெண் அதிகாரிதான் வாங்க வேண்டும். பெற்றோர், நெருங்கிய உறவினர் அல்லது அந்தப் பகுதிச் சமூக சேவகர் உடன் இருக்கலாம். 184ஆம் பிரிவின்படி தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், அவள் சம்மதத்தோடு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புலன்விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் அவளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதக் கடுங்காவல் என்று நியாய சன்ஹிதா 199 சொல்கிறது. பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்ப்பதாகச் சொல்லிச் செய்த இரு விரல் பரிசோதனை ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் அவள் சொன்னதைக் குற்றப்பத்திரிகை போடும்வரை யாருக்கும் வெளியிடக்கூடாது என்பது 2014இல் வந்த சிவண்ணா வழக்கின் உத்தரவு.

இத்தனையும் அந்த அம்மாக்காரிக்குத் தெரியுமா? வீட்டிலேயே வாக்குமூலம் கொடுக்கலாம் என்று எத்தனை ஸ்டேஷனில் சொல்கிறார்கள்? கேட்கத் தெரிந்தால்தானே கிடைக்கும். சொல்ல வேண்டிய நாங்களோ பாதி நாள் திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. பந்தோபஸ்து என்று வெயிலில் நிற்கிறோம். புலன்விசாரணை அதிகாரி தேர்ப் பாதையில் நிற்கும் நாளில் இரண்டு மாதக் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கேட்கத் தெரிந்தவர்களுக்கும்கூட இது எளிதாக இல்லை. 2021 பிப்ரவரியில், சிறப்பு டிஜிபி ஒருவர் மேல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் போய்க்கொண்டிருந்த பெண் ஐ.பி.எஸ். அதிகாரியை, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பரனூர் சுங்கச்சாவடியில் போலீசே வழிமறித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்தச் சிறப்பு டிஜிபிக்கு மூன்று வருடச் சிறை விதித்தது. வழிமறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். மாவட்டத்தையே நிர்வகிக்கக்கூடிய பதவியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கே புகார் கொடுக்கும் வழியில் இந்தக் கதி என்றால், ஜவுளிக்கடையில் மடிப்புப் போடுகிற பெண் எம்மாத்திரம்?

நான் கேட்கும் துணை ஏதோ புதிய யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். 1993இல் ராஞ்சியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போன வீட்டு வேலை செய்யும் பெண்களை ராணுவத்தினர் சிலர் சீரழித்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி வீட்டுப் பணிப்பெண்கள் அமைப்பு தொடுத்த வழக்கு. 1994 அக்டோபரில் வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னது: இப்படிப்பட்ட புகாரோடு வரும் பெண்ணுக்கு விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் காவல் நிலையத்திலேயே துணைக்கு இருக்க வேண்டும். வழக்கு எப்படிப் போகும் என்று அவளுக்கு விளக்க வேண்டும், மருத்துவ உதவிக்கும் மனநல உதவிக்கும் வழிகாட்ட வேண்டும். ஸ்டேஷனில் கூட இருந்தவரே கடைசிவரை இருக்க வேண்டும். இந்த உரிமை உனக்கு உண்டு என்று கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே போலீஸ் அவளிடம் சொல்ல வேண்டும், சொன்னதைப் போலீஸ் அறிக்கையில் எழுதவும் வேண்டும். அதற்கான வழக்கறிஞர் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்க வேண்டும். பணியில் நான் பார்த்த எந்த ஸ்டேஷன் சுவரிலும் அந்தப் பட்டியல் தொங்கவில்லை. பயிற்சி வகுப்பிலும் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைகள் இன்றைக்கு எஸ்.ஐ.யாக இருக்கிறார்கள்.

எதிராளிக்கு என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அவனை ரிமாண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் மாஜிஸ்திரேட் கேட்பார், “வக்கீல் இருக்கிறாரா?” இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக ஒருவர் வருவார். அது சரிதான், அது அவனுடைய உரிமை, அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆணைக்குழுவின் 1987ஆம் வருடச் சட்டம் 12ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. அவனுக்குத் தானாக வருவது, அவளுக்கு மட்டும் மனுப் போட்டால்தான் வருமா?

என் கூட வேலை பார்த்தவர்கள் சிலர் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். வக்கீலோ தொண்டு நிறுவனமோ உள்ளே வந்தால், “சொல்லிக்கொடுத்த சாட்சி” என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கிழித்துவிடும் என்பார்கள். போக்சோ வழக்குகளில் துணை நபர் கூடவேதான் இருக்கிறார். அதனால் அந்த வழக்குகள் உடைந்துபோய்விடவில்லை. வாக்குமூலத்தில் அவர் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். இன்னும் சொன்னால், அதனால் போலீசுக்கும் நல்லது. பெண் சொன்னது ஒன்று, நாங்கள் எழுதியது ஒன்று என்று கூண்டில் வைத்து ரைட்டரைக் கேள்வி கேட்கும் நிலை வராது. அவள் பேச்சை அவள் பேசியபடியே எழுதும் பழக்கமும் தன்னால் வரும்.

வழி ஒன்றும் பெரிய செலவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் குழுவும் சட்டத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். மாவட்டத்தில் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. பாலியல் குற்றப் புகார் ஒன்று ஸ்டேஷன் படி ஏறியதும் முதல் போன் அங்கே போக வேண்டும்; போன் செய்த நேரத்தையும் வந்தவர் பெயரையும் வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும்; எழுதவில்லை என்றால் ஏன் என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். உள்துறை ஒரு சுற்றறிக்கை போட்டால் அடுத்த வாரமே தொடங்கலாம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியபோது, பெண்ணிடம் பெண் பேசட்டும் என்று முன்னால் போன மாநிலம் நம்முடையது. இதையும் நாமே முதலில் செய்யலாம். அப்படியே ஒவ்வொரு மகளிர் ஸ்டேஷனுக்கும் கதவு சாத்துகிற ஒரு அறையும், மாற்றுத் துணி வாங்க ஒரு சின்னத் தொகையும் ஒதுக்கினால் புண்ணியம்.

பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பெயர் போடுவதில்லை, அது தெரியும். ஆனால் தெரு, படித்த கல்லூரி, அப்பா என்ன வேலை, எதிராளி அவளுக்கு என்ன உறவு, எல்லாம் வந்துவிடுகிறது. “சித்தப்பா கைது” என்று போட்டு ஊர் பெயரும் போட்டால் பெண் யாரென்று மறைக்க மீதி என்ன இருக்கிறது? நிருபர்கள் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கும் பழக்கத்தை இந்த வழக்குகளில் விட்டுவிடச் சொல்லுங்கள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் இரண்டுமே தவறுதான். தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண் போடுகிறீர்கள் அல்லவா, அதேபோல பாலியல் குற்றச் செய்தி ஒவ்வொன்றின் கீழேயும் மூன்று எண்களைப் போடுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. கூடவே ஒரு வரி: “வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, உங்களுக்கு வேண்டியவர் பக்கத்தில் இருக்கக் கொடுக்கலாம்.”

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பெண் சிறப்பு உதவி ஆய்வாளர்,
டெல்டா மாவட்டம்